கடைசி ரேக்கில் ஒளிச்சு வச்ச நீலப்பூ

டைல்ஸ் கடையில நிக்கிறவளுக்கு ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுத் தரையும் அத்துப்படி, சொந்தமா ஒரு தரை மட்டும் இருக்காது. நகைக்கடையில கவரிங் செயின் போட்டுக்கிட்டு வைரத்தை எடுத்துக் காட்டுற தங்கச்சிங்களா, ஜவுளிக்கடையில சின்தட்டிக் சேலையோட நின்னு முகூர்த்தப் பட்டைப் பிரிச்சுப் போடுற அக்காமாருங்களா, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். மத்தவங்க சும்மா படிச்சுட்டுப் போங்க.

என் பேரு விஜயா. ஓசூர்ல பாகலூர் ரோட்டுல ஒரு டைல்ஸ் ஷோரூம்ல சேல்ஸ்ல இருக்கேன். குடியிருக்கிறது மூக்கண்டப்பள்ளியில ஒரு லைன் வீடு. வீட்டுக்காரருக்குப் பக்கத்துலயே கம்பெனி வேலை. வீட்டுல சிமெண்ட் தரை, அதுல வாசல்ல இருந்து அடுப்பங்கரை வரைக்கும் ஒரு வெடிப்பு. ஓனர்கிட்ட சொன்னா, "மேல பாய் விரிச்சுக்கோம்மா"ங்கிறாரு. காலையில அந்த வெடிப்புக்குள்ள போன அரிசியைத் தென்னங்குச்சியால நோண்டி எடுத்துட்டு, பத்து மணிக்குக் கடைக்கு வந்து, அடுத்தவங்களுக்கு மார்பிள் டிசைனைத் திருப்பித் திருப்பிக் காட்டணும். பொறாமையே வராதுன்னு எவளாவது சொன்னா அவ பச்சைப் பொய் சொல்றா. எனக்கு வரும். மதியம் சோறு திங்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, தின்ன பின்னாடி ஒருவாட்டி கண்டிப்பா வரும்.

எங்க வீட்டுத் தரை

ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வில்லா வாங்கின ஒரு ஜோடி வந்தாங்க. பெங்களூர்ல வேலை போல. அந்தம்மா கைப்பையில சோபா குஷன் ஒண்ணையும், ஜன்னல் திரையில வெட்டின துண்டு ஒண்ணையும் கொண்டு வந்திருந்துச்சு. நான் டைல்ஸை எடுத்துத் தரையில வைக்கணும், அவரு அது மேல குஷனை வைக்கணும், அந்தம்மா பத்தடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கும். "ம்ஹூம்." அடுத்தது. ஹாலுக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு, பாத்ரூம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. எங்க லைன்ல ஆறு குடித்தனத்துக்கு ரெண்டு பாத்ரூம். இவங்க வீட்டுல ஒரு பிள்ளையோட சேர்த்து மூணு பேருக்கு அஞ்சு. ஒவ்வொண்ணா எடுத்து வைக்க வைக்க என் முதுகும் எரிஞ்சுது, வயிறும் எரிஞ்சுது.

ரொம்ப நேரம் கழிச்சு, ஒண்ணும் பிடிக்காம, அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்து கன்னடத்துல, "நிம்ம மனேலி யாவ டைல்ஸ் ஹாக்ஸித்தீரா?"ன்னு கேட்டுச்சு. உங்க வீட்டுல என்ன டைல்ஸ் போட்டிருக்கீங்கன்னு. எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. இவகிட்டப் போய் வெடிப்பு விட்ட கதையைச் சொல்லவா? நிமிர்ந்து நின்னு, "கிரே கலர் மேடம். பிளெயின். மேட் ஃபினிஷ். ஜாயின்ட்டே தெரியாது"ன்னேன். யோசிச்சுப் பாருங்க, ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்தம்மா மூடியிருந்த கண்ணையும் சேர்த்துத் தொறந்துச்சு.

"அதுதானே இப்ப ட்ரெண்டு! இவ்வளவு நேரம் ஏன் காட்டல? எங்களுக்கும் அதையே போட்டுடுங்க!"

பாய் சொன்னது

இப்ப நீலப்பூ கதைக்கு வர்றேன். கடையில எனக்குன்னு ஒரு டைல்ஸ் இருந்துச்சு. வெள்ளைன்னும் சொல்ல முடியாது, சந்தனம்னும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறம். ஒவ்வொரு டைல்ஸ்லயும் ஒரு மூலையில கால்வாசிப் பூ. நாலு டைல்ஸைச் சேர்த்து வச்சா நடுவுல ஒரு முழு நீலப்பூ விரியும். இதழெல்லாம் லேசாப் பள்ளமா அழுத்தி விட்டிருப்பாங்க, விரலால தடவினா தெரியும். வந்த அன்னிக்கே தடவிப் பார்த்துட்டு முடிவு பண்ணிட்டேன், நமக்குன்னு ஒரு வீடு கட்டினா ஹால் பூரா இதுதான்னு. "அப்பவே வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. லைன் வீட்டுல நாங்க கால் நீட்டிப் படுக்கவே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கணும். இதுல டைல்ஸ் பெட்டியை எங்க அடுக்குறது?

அதனால ஒரு வேலை பண்ணினேன். முன்னாடி டிஸ்ப்ளேயில இருந்த அந்த சாம்பிளை எடுத்துக் கடைசி ரேக்குல, பாத்ரூம் சுவத்துக்குப் போடுற டைல்ஸுக்குப் பின்னாடி சொருகிட்டேன். அப்படியும் சில பேரு மோப்பம் பிடிச்சு வந்துடுவாங்க. "அது பழைய டிசைன்ங்க", "அது இந்த வெயிலுக்கு ஒத்துக்காதுங்க", "உங்க வீடு வடக்கு பார்த்ததுங்களா, அப்ப நீலம் வேணாங்க", இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிடுவேன். குடோனைப் பார்த்துக்கிறவரு அக்பர் பாய். இந்தக் கடை ஆரம்பிச்சதுல இருந்து இருக்கிறவரு. ஒருநாள் நான் ஒருத்தரை அப்படித் திருப்பி அனுப்பினதைப் பார்த்துட்டு, கையில இருந்த டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சொன்னாரு:

"ஏம்மா விஜயா, பொண்ணைக் கட்டிக் குடுக்க மனசு வராத அப்பன் கணக்கா, வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் ஒரு நொட்டை சொல்றியே!"

மாங்காய் எங்கே?

நாகரசம்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. மாந்தோப்புக்காரங்க. மாமியார், மருமக, நடுவுல அந்த மனுசன். சமையல்கட்டுச் சுவத்துக்கு நடுநடுவுல படம் போட்ட டைல்ஸ் வைப்போம் இல்லையா, அதைப் பார்த்தாங்க. எங்க கேட்லாக்ல திராட்சைக் கொத்து இருக்கு, ஆப்பிள் இருக்கு, ஆவி பறக்கிற காபி கப் இருக்கு, பேரே தெரியாத சிவப்புப் பழமெல்லாம் இருக்கு. மாமியார் எல்லாத்தையும் புரட்டிட்டு, "மாங்காய் எங்கம்மா?"ன்னு கேட்டுச்சு. இல்லைங்கம்மான்னேன். "எறங்கினா தோப்பு, ஏறினா தோப்பு. எங்க வீட்டுச் சுவத்துல எவனோ வெளைய வச்ச ஆப்பிளை ஒட்டச் சொல்றியா?"ன்னு ஒரே பிடி. மருமகளுக்கோ காபி கப்புல ஆசை. வாயைத் திறந்து சொல்லல, பக்கத்தை மட்டும் விரலால பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு.

இந்த மாதிரி சண்டையெல்லாம் நான் தினமும் பார்க்கிறதுதான். எப்பவும் மகன்காரன் போன் வந்த மாதிரி வெளியே நழுவிடுவான். இவரு நழுவல. அம்மாவையும் முறைக்கல, பொண்டாட்டியையும் முறைக்கல. அவ விரல் இருந்த பக்கத்தைப் பார்த்தாரு, என்கிட்ட திரும்பினாரு, நிதானமாச் சொன்னாரு. எனக்கு அவங்க வீட்டு மேலயும் பொறாமை இல்லை, தோப்பு மேலயும் பொறாமை இல்லை, அந்த ஒரு பேச்சு மேலதான் பொறாமை. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காரணமே இல்லாம என் வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவருக்கு இன்னிக்கு வரைக்கும் ஏன்னு தெரியாது. அந்த மாந்தோப்புக்காரர் சொன்னது இதுதான்:

"நாள் முழுக்க அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கப்போறது அவதானுங்க. அவ கண்ணுக்கு எது வேணுமோ அதையே போடுங்க."

ஒரே டைல்ஸ் போதும்

கம்பெனி பொண்ணு ஒண்ணு, யூனிபார்மோட வந்துச்சு. திருவண்ணாமலைப் பக்கம் ஊராம், இங்க ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்குது. ஊர்ல அப்பா அம்மாவுக்குக் கட்டுற வீட்டுக்குத் தரை பார்க்கணும்னுச்சு. கூட யாரும் இல்லை. குஷன் இல்லை, மாமியார் இல்லை, மேஸ்திரி இல்லை. நேராப் போய், செருப்பைக் கழட்டிட்டு, ஒரு டைல்ஸ் மேல ஏறி நின்னுச்சு. கால் விரலை அழுத்திப் பார்த்துச்சு. "இதுதான்க்கா."

அவ்வளவுதான். நான் டீ சொல்லி அனுப்பினேன், டீ வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. என் வயசுல பாதிகூட இருக்காது அதுக்கு. நான் பொறாமைப்பட்டதுலயே மரியாதையோட பொறாமைப்பட்டது இந்த ஒருத்தி மேலதான். "இன்னும் ரெண்டு டிசைன் பாரேன் கண்ணு"ன்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன்.

"வேணாம்க்கா. பார்த்துக்கிட்டே இருந்தா எல்லாமே பிடிச்சுப்போயிடும், அப்புறம் வீடு கட்டவே முடியாது."

தூசி இல்லாத டைல்ஸ்

இனிமேதான் என் வயித்தெரிச்சலோட முக்கியமான கட்டம். என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரருக்கு நேர் தம்பி, ஓசூர்ல பிளாட் வாங்கி விக்கிற புரோக்கர். அவன் பொண்டாட்டி கவிதா. எனக்கு ஓரகத்தி. நல்ல பொண்ணுதான், அதுதான் பிரச்சனை. கெட்டவளா இருந்தா நிம்மதியாத் திட்டியாவது இருப்பேன். அண்ணன் வீடு கட்டுறதுக்கு முன்னாடி தம்பி கட்ட ஆரம்பிச்சான். கவிதா டைல்ஸ் பார்க்க நேரா எங்க கடைக்கே வந்துட்டா. "அக்கா இருக்கும்போது நான் எதுக்கு வேற கடைக்குப் போறேன்?"னு வாயெல்லாம் பல்லு.

நானும் மனசாரத்தான் காட்டினேன். மார்பிள் டிசைன், மரம் மாதிரி டிசைன், வில்லாக்காரி எடுத்த சிமெண்ட் டிசைன், எல்லாம். எதுவும் அவளுக்கு ஒட்டல. காலாற நடந்துக்கிட்டே கடைசி ரேக் பக்கம் போயிட்டா. "அங்கெல்லாம் பாத்ரூம் டைல்ஸ்தான் கவிதா, ஒரே தூசி, சேலை வீணாப்போயிடும்"னு கத்தினேன். அவ நின்னுட்டா. குனிஞ்சு பார்த்தா. அந்த ரேக்குல எல்லா டைல்ஸ் மேலயும் விரல் கனத்துக்குத் தூசி. ஒண்ணு மேல மட்டும் இல்லை. இருக்காதே! நான்தான் தினமும் காலையில வந்ததும் முந்தானையால துடைச்சு வைப்பேனே. ஒளிச்சு வைக்கத் தெரிஞ்ச சிறுக்கிக்கு, துடைக்காம விடத் தெரியல.

"இது மட்டும் ஏன்க்கா பளிச்சுனு இருக்கு?"ன்னு இழுத்து வெளியே எடுத்துட்டா. சாம்பிள் நாலையும் அவளே சேர்த்து வச்சா. பூ விரிஞ்சுது. அவ மூஞ்சியும் விரிஞ்சுது. "வேணாம் கவிதா, சொன்னாக் கேளு. இதழெல்லாம் பள்ளமா இருக்குது பாரு, நம்ம ஊரு செம்மண் தூசி அதுல போய் உக்காந்துக்கும். மாப் போட்டா வராது. ஹாலுக்கு ஆகவே ஆகாது"ன்னு மூச்சு விடாமச் சொன்னேன். சத்தியமா அது நிஜம். அந்த டைல்ஸுக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். பாய் குடோனைப் பார்த்துட்டு வந்து, கம்பெனிக்காரன் இந்த டிசைனையே நிறுத்திட்டான், இருக்கிறது ஒரு ஹாலுக்குப் போக ரெண்டு பெட்டிதான் மிஞ்சும்னாரு. சொல்லும்போது என் மூஞ்சியைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துச் சொன்னாரு.

பில் போட்டது நான்தான். தொழில் புத்தி விடுமா? "உடைஞ்சா மாத்த அந்த ரெண்டு பெட்டியையும் சேர்த்து எடுத்து வச்சுக்கோ, அப்புறம் தேடினாலும் கிடைக்காது"ன்னு வேற சொன்னேன். கவிதா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"நாள் பூரா டைல்ஸையே பார்க்கிற நீயே இதை ஒளிச்சு வச்சிருக்கேன்னா, ஊர்லயே இதுதான்க்கா நல்லதா இருக்கும்!"

அண்ணிக்குக் கண்ணு இல்லை

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள கால் வச்சேன். ஹால் பூரா நீலப்பூ. நான் மனசுக்குள்ள எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ, அதைவிட ஒரு படி நல்லாவே இருந்துச்சு. அசிங்கமா இருந்திருந்தா ரெண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டிருப்பேன். கேசரியை இலை ஓரத்துல ஒதுக்கிட்டேன். இலை போட்ட இடத்துல ஒரு பூ பாதி மறைஞ்சிருந்துச்சு. சாம்பார் சிந்திடுமோன்னு இலையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டேன். அடுத்தவ வீட்டுத் தரைக்கு எனக்கென்ன அக்கறைன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

வந்தவங்க எல்லாரும் சுவத்தைப் பார்க்கல, சீலிங்கைப் பார்க்கல, தரையைத்தான் பார்த்தாங்க. கவிதாவும் நாலு பேருகிட்ட, "எங்க அக்கா கடையில எடுத்தது"ன்னு பெருமையாத்தான் சொன்னா. அப்பதான் என் நாத்தனார், வீட்டுக்காரரோட தங்கச்சி, வெத்தலையை மடிச்சுக்கிட்டே என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"நீங்களும்தான் இத்தனை வருசமா அந்தக் கடையிலயே நிக்கிறீங்க, இப்படி ஒண்ணு உங்க கண்ணுல படலையே அண்ணி!"

டூத் பிரஷ்

அந்த வருசம் கவிதா வீட்டுத் தெருவுல குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டாங்க. செம்மண் பறக்க ஆரம்பிச்சுது. ஒருநாள் கடைக்குப் போன் வந்துச்சு, கவிதா. "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்"னா, குரலே சரியில்லை. லீவு நாள்ல போனேன். ஹால் நடுவுல சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் குந்தியிருந்தா. கையில டூத் பிரஷ். ஒவ்வொரு இதழா, ஒவ்வொரு பள்ளமாத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. நீலப்பூ பாதி காவிப்பூ ஆகியிருந்துச்சு. வாசல் பக்கம் ஆரம்பிச்சு டிவி கிட்ட வர்றதுக்குள்ள வாசல் பக்கம் மறுபடியும் செவந்துடுதாம். "கண்ணு பட்டுடுச்சோன்னு பூசணிக்காய் சுத்திக்கூட உடைச்சேன்க்கா. அப்பவும் போகல"ன்னா. யாரு கண்ணுன்னு நானும் கேட்கல, அவளும் சொல்லல.

சந்தோசமா இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, இருந்துச்சு. ஒரு நிமிசம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் அவ கை முட்டி சிவந்திருந்ததைப் பார்த்தேன். நானும் ஒரு பிரஷ் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல குந்திட்டேன். தேய்ச்சுக்கிட்டே கேட்டா, "ஏன்க்கா, அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடி! பள்ளம், தூசி, மாப் போட்டா வராதுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேனே!" அவ பிரஷை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா.

"நீ வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நெனச்சேன்க்கா."

வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். ஆனா நிஜத்தைச் சொன்னேன். இதை அவகிட்ட எப்படி விளக்குறதுன்னு தெரியாம அடுத்த பூவுக்கு நகர்ந்துட்டேன்.

எங்க வாசல்

ஒருவழியா எங்களுக்கும் வீடு அமைஞ்சுது. சின்ன மனை, சின்ன வீடு. இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தவ, என் வீட்டுக்கு எடுக்க முடியாமத் திண்டாடிப்போனேன். எதைத் தொட்டாலும் அதோட குறைதான் முன்னாடி வந்து நிக்குது. பளபளப்பு வழுக்கும், வெள்ளையில முடி தெரியும், கறுப்புல கால்தடம் தெரியும். கடைசியில எல்லாத்தையும் கழிச்சுக் கட்டி ஒண்ணு எடுத்தேன். கிரே கலர், பிளெயின், மேட் ஃபினிஷ். தூசி தெரியாது, கறை பிடிக்காது. மேஸ்திரி போட்டு முடிச்சு, கழுவி விட்டு, நானும் வீட்டுக்காரரும் நடுவுல போய் நின்னோம். அவரு தரையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, மறுபடியும் தரையைப் பார்த்தாரு.

"இதுக்கு அந்த மூக்கண்டப்பள்ளி வீட்டுலயே இருந்திருக்கலாமேடி, வெடிப்பு மட்டும்தானே இங்க குறைச்சல்!"

அழுகையே வந்துடுச்சு. அந்த மனுசன் சொன்னதுல தப்பில்லை. அந்த வாரமே கவிதா ஒரு ஆட்டோவுல வந்து இறங்கினா. பின்னாடி சீட்ல ரெண்டு அட்டைப் பெட்டி. மிச்சம் வாங்கி வச்ச நீலப்பூ. "நீதான்க்கா இதை முதல்ல பார்த்தவ. ஒண்ணும் பேசாம எடுத்துக்கோ"ன்னா. என் ஆசையைப் பத்தி நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. முந்தானையால துடைச்ச டைல்ஸே சொல்லியிருக்கும் போல. வாங்கிக்கணும்னு கை துடிச்சுது. அங்கயும் தொழில் புத்தி குறுக்க வந்துடுச்சு. "ஒரு பெட்டி போதும். ஒண்ணை நீ திருப்பி எடுத்துட்டுப் போ. நாளைக்கு சிலிண்டரைப் போட்டு உடைச்சேன்னா எங்க போய்த் தேடுவே?"ன்னேன். ஒரு பெட்டியில நாலு டைல்ஸ். நாலு டைல்ஸுக்கு ஒரு பூ.

மேஸ்திரி முனகிக்கிட்டே வாசப்படிக்கு உள்பக்கம் கிரே டைல்ஸைப் பேர்த்துட்டு அதைப் பதிச்சுக் குடுத்தாரு. வீடு பூரா சிமெண்ட் நிறம், நுழையிற இடத்துல ஒரே ஒரு நீலப்பூ. தினமும் காலையில காபிக்கு முன்னாடி டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சுடுவேன். ஒரு பூதானே.

பால் காய்ச்சுற அன்னிக்கு கவிதா குத்துவிளக்கைத் தூக்கிக்கிட்டு வந்தா. வாசப்படி தாண்டினவ அப்படியே நின்னுட்டா. காலைத் தூக்கிப் பூவுக்கு அந்தப் பக்கம் வச்சா. திரும்பிக் குனிஞ்சு பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா. அவ மூஞ்சியில ஒரு மாதிரி வந்துச்சு பாருங்க, அந்த மூஞ்சி எனக்கு ரொம்பப் பழக்கம். கடையில பளபளப்பு டைல்ஸை எடுத்துப் பிடிக்கும்போதெல்லாம் அதுக்குள்ள தெரியிற மூஞ்சி. உதட்டைச் சுழிச்சுக்கிட்டு, பாராட்டுறாளா பொருமுறாளான்னு தெரியாத குரல்ல சொன்னா:

"எங்க வீட்டுல அத்தனை கிடந்தும் எடுபடல, இங்க ஒண்ணே ஒண்ணு, கண்ணைப் பறிக்குதேக்கா!"

பால் பொங்கினதைக்கூட நான் கவனிக்கல. எந்த டைல்ஸும் நம்ம காசுல மின்னுறதில்லைங்க, பக்கத்துல நிக்கிறவ வயித்தெரிச்சல்லதான் மின்னுது.